தொந்தரவு செய்யாத பிள்ளைகள்

ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு நாள், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கட்டுரை நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். மொத்தமே எட்டு வரிதான் எழுதியிருந்தாள். மூன்றாவது வரியில் ஒரு சொல் இருந்த இடத்தில் தாள் தேய்ந்து, பின்பக்கத்து எழுத்து தெரியும் அளவுக்கு மெலிந்து, நடுவில் சிறிய ஓட்டையும் விழுந்திருந்தது. அந்த ஒரு சொல்லை எழுதுவதும் அழிப்பதுமாக அவள் வெகுநேரம் இருந்திருக்க வேண்டும்; அழிரப்பர் துகள்கள் நோட்டின் நடுமடிப்பில் இன்னமும் கிடந்தன. கடைசியில் எஞ்சியிருந்த சொல்லில் பிழை ஏதும் இல்லை. நான் அந்த ஓட்டையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "நோட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன்.

அந்தப் பருவம் முடிந்தபோது அவளுடைய மதிப்பெண் அட்டையில், "அமைதியான, ஒழுக்கமான மாணவி; யாருக்கும் தொந்தரவு தராதவள்" என்று குறிப்பு எழுதினேன். மனமாரப் பாராட்டித்தான் எழுதினேன். அவளுடைய பெற்றோரும் அதைப் படித்து மகிழ்ந்தார்கள். அந்த "யாருக்கும்" என்ற சொல்லுக்குள் அவளையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிய மேலும் ஓராண்டு ஆயிற்று. பதற்றத்தோடும் சோர்வோடும் வகுப்பறையில் தனியே போராடும் பிள்ளைகளைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அந்தத் தாளின் ஓட்டைதான் முதலில் கண்முன் வருகிறது.

1966இல் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக், குழந்தைகளிடம் காணப்படும் மனநல அறிகுறிகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, அவை இரண்டு பெரும் கூட்டங்களாகப் பிரிவதைக் காட்டினார். அடிதடி, கீழ்ப்படியாமை, பொய், பொருள்களை உடைத்தல் என்று வெளியே பாய்பவை ஒரு கூட்டம். அச்சம், ஓயாத கவலை, மனச்சோர்வு, ஒதுங்கிப்போதல், மருத்துவக் காரணம் பிடிபடாத உடல்வலி என்று உள்நோக்கித் திரும்புபவை மற்றொரு கூட்டம். முதல் கூட்டத்தைச் சேர்ந்த பிள்ளை, தன் சிக்கலைத் தானே வகுப்பு முழுவதற்கும் அறிவித்துவிடும். இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்த பிள்ளையோ அதை மறைப்பதற்கே தன் பலத்தையெல்லாம் செலவழிக்கும். மறைப்பதில் அது வெற்றி பெறுகிற நாளில்தான் நாம் அதைச் சமத்து என்கிறோம்.

ஆசிரியர்கள் இதைக் கவனிப்பதில்லை என்ற குறை புதியதன்று. 1928இலேயே ஈ. கே. விக்மன் என்ற ஆய்வாளர், பிள்ளைகளின் நடத்தைகள் அடங்கிய ஒரு பட்டியலை ஆசிரியர்களிடமும் குழந்தை மனநல வல்லுநர்களிடமும் கொடுத்து, எவை கவலைக்குரியவை என்று வரிசைப்படுத்தச் சொன்னார். திருட்டு, ஒழுக்கக்கேடு, கீழ்ப்படியாமை போன்றவற்றை ஆசிரியர்கள் மேலே வைத்தார்கள். யாரோடும் சேராமல் ஒதுங்குவது, சோர்ந்து கிடப்பது, அஞ்சுவது போன்றவற்றை வல்லுநர்கள் மேலே வைத்தார்கள். இரு தரப்பினரிடமும் கேட்ட கேள்வி ஒன்றாக இல்லை என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டியது நியாயமே: ஆசிரியர்களிடம் இன்றைய சிரமத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள், வல்லுநர்களிடம் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஆனால் அந்த வேறுபாட்டிலேயே எங்கள் தொழிலின் உண்மை அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவன் நாற்காலியைத் தூக்கினால், அந்த நாற்பது நிமிடமும் அவனுக்கே போய்விடும். எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கப் பாடவேளை இடம் கொடுப்பதில்லை. அதற்கென்று தனியே நேரம் ஒதுக்கினால்தான் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு வாழ்கிறார். நாற்பது பேர் வகுப்பில் அது ஐந்தாறு பேராகும். அவர்களில் எத்தனை பேரை நமக்குப் பெயர் சொல்லத் தெரியும் என்று ஒவ்வோர் ஆசிரியரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

கண்டுபிடிக்க முடியாத அறிகுறிகள் அல்ல இவை. திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, வாய்விட்டு வாசிக்கும் முறை தன் வரிசையை நெருங்கும்போது கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பது, ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் "டீச்சர், இது சரியா?" என்று வந்து நிற்பது, எல்லாம் தெரிந்திருந்தும் விடைத்தாளைப் பாதி வெறுமையாகத் தருவது, மிகச் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்பதாலேயே ஒப்படைப்பை முடிக்காமல் வைத்திருப்பது. இவற்றில் ஒன்று தனியாக ஒருநாள் வந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்து, பிள்ளையின் படிப்பையோ நட்பையோ வருகையையோ அரிக்கத் தொடங்கினால் பொருட்படுத்த வேண்டும்.

வயிற்றுவலியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் "நடிக்கிறான்" என்ற சொல் பெரும்பாலும் அங்கேதான் வந்து விழுகிறது. அபாயம் என்று மூளை எண்ணிவிட்டால், அது உண்மையான அபாயமா, கணக்குத் தேர்வா என்று உடல் பிரித்துப் பார்ப்பதில்லை. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, செரிமான வேலையைக் குறைத்துக்கொண்டு இரத்தம் கைகால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் இதை 1915இல் விளக்கினார். நம் மொழிக்கு இது அதற்கும் வெகுகாலம் முன்பே தெரியும்: பயத்தில் வயிற்றைக் கலக்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, நா வறள்கிறது, தொண்டை அடைக்கிறது, கைகால் உதறுகிறது என்றுதானே சொல்கிறோம். பெரியவர்கள் தங்களுக்கு நேரும்போது மெய்யென்று ஏற்கும் இந்த உடல் அனுபவத்தை, ஒன்பது வயதுப் பிள்ளை சொல்லும்போது மட்டும் சாக்கு என்று ஒதுக்குவது நியாயமில்லை. முதலில் மருத்துவரிடம் காட்டி உடல்நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் வேண்டும். அதற்குப் பிறகு பிள்ளையிடம் சொல்ல வேண்டியது, "உனக்கு ஒண்ணுமில்லை" என்பதன்று. "வலி நிஜம்தான், பயம் வந்தா வயிறு இப்படித்தான் பண்ணும், கொஞ்ச நேரத்துல அடங்கிடும்" என்று சொன்னால், அந்தப் பிள்ளைக்குத் தன் உடம்பின் மேல் உள்ள திகிலாவது குறையும்.

அந்தச் சிறுமிக்கு வருகிறேன். மறு ஆண்டும் அவள் என் வகுப்பிலேயே இருந்தாள். பாடத்தை வரிசையாக வாசிக்கச் சொல்லும்போது அவள் முறை வந்தால் எழுந்து நிற்பாள், புத்தகம் கையில் இருக்கும், உதடு அசையும், குரல் வராது. இடது கையின் விரல்கள் பெஞ்சின் விளிம்பை இறுகப் பற்றி நகக்கண் வெளுத்திருக்கும். வகுப்பே திரும்பிப் பார்க்கும். இரண்டு முறை இப்படி ஆனபின் நான் அவளைத் தனியே கூப்பிட்டு, "உனக்குக் கஷ்டமா இருந்தா வாசிக்க வேண்டாம்மா, நான் கேட்க மாட்டேன்" என்றேன். அவள் முகத்தில் அப்போது பரவிய நிம்மதியைப் பார்த்து, நல்லதொரு காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

அதன்பின் நடந்ததை நான் பல மாதங்கள் கவனிக்கவேயில்லை. வாசிப்பதிலிருந்து விடுபட்டவள், சிறிது காலத்தில் வாய்மொழிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்தினாள். பிறகு குழுவேலையில் பேசுவது நின்றது. அவளுக்காக அவள் தோழி பேசத் தொடங்கினாள். ஆண்டின் நடுவில் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்கினாள். நான் ஒரு சன்னலைச் சாத்தினேன். அவள் வீடு முழுவதும் இருண்டது.

இதன் இயக்கம் எளியது, ஆகவேதான் ஆபத்தானது. அஞ்சும் ஒன்றைத் தவிர்த்தவுடன் பதற்றம் சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கமே மூளைக்குப் பரிசாகிறது. அடுத்த முறை தவிர்ப்பதற்கான உந்துதல் கூடுகிறது. அதோடு, தவிர்த்தவருக்கு, தவிர்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அமைவதில்லை. "வாசித்திருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள்" என்ற எண்ணம் சோதிக்கப்படாமலேயே நிலைத்துவிடுகிறது. நான் கொடுத்த விலக்கு, "ஆமாம், இது உன்னால் முடியாத காரியம்தான்" என்று ஆசிரியரே கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றாக அவளுக்கு ஆகிவிட்டது.

எதிர்ப்பக்கத்துத் தவறும் என் கண்முன்னே நடந்தது. அவளை ஒரு பாடவேளையில் இன்னோர் ஆசிரியர், வாசிக்கும்வரை உட்காரக் கூடாது என்று நிறுத்திவைத்தார். துணிவு வரட்டும் என்ற எண்ணத்தில்தான் செய்தார். அவர் கெட்டவர் அல்லர். மணி அடிக்கும்வரை அவள் நின்றாள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் பள்ளிக்கு வரவில்லை. பயப்படும் பிள்ளையைக் கிணற்றில் தள்ளினால் நீந்தக் கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு ஆழமாக இருக்கிறது. பெரும்பாலும் அது தண்ணீரைப் பற்றிய பயத்தோடு, தள்ளியவரைப் பற்றிய பயத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

விலக்குவதற்கும் தள்ளுவதற்கும் இடையில் ஒரு வழி உண்டென்பதை எங்கள் பள்ளிக்கு வாரம் ஒருமுறை வந்த மனநல ஆலோசகர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த வழிக்கு நூறு வயது ஆகிறது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற மூன்று வயதுச் சிறுவனுக்குச் செய்த சிகிச்சையை எழுதிவைத்தார். முதலில் கூண்டுக்குள் இருந்த முயலைச் சற்றுத் தொலைவில் வைத்தார். பீட்டர் தனக்குப் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது, அவன் கலங்காத அளவுக்கு மட்டும் கூண்டை நெருக்கிக்கொண்டே வந்தார். பயப்படாத பிள்ளைகளையும் அவனோடு விளையாடவிட்டார். பன்னிரண்டு அடி தூரம், நான்கு அடி, மூன்று அடி, பக்கத்தில், பிறகு கூண்டுக்கு வெளியே என்று அவன் பொறுத்துக்கொண்ட படிகளையெல்லாம் வரிசையாகக் குறித்தார். கடைசிப் படியில் முயல் தன் விரல்களைக் கொறிக்கும்படி பீட்டர் விட்டுக்கொடுத்திருந்தான். இன்று பதற்றத்துக்கான சிகிச்சைகளில் முதுகெலும்பாக இருக்கும், அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறையின் வேர்களில் இதுவும் ஒன்று.

எங்கள் படிக்கட்டை ஆலோசகரும் நானும் அந்தச் சிறுமியும் சேர்ந்து ஒரு தாளில் வரைந்தோம். எது எளிது, எது கடினம் என்று அவளே ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று எண் போட்டாள். வீட்டில் வாசித்துப் பதிவு செய்து, அந்தப் பதிவை நான் மட்டும் தனியே கேட்பது: இரண்டு. மாலையில் காலி வகுப்பறையில், நான் சன்னல் பக்கம் திரும்பி நிற்க, ஒரே ஒரு வரி வாசிப்பது: நான்கு. அதே இடத்தில் அவள் தோழியும் இருப்பது: ஐந்து. தோழியோடு சேர்ந்து ஒரே குரலில் வகுப்பில் வாசிப்பது: ஏழு. தனியாக, உட்கார்ந்தபடியே நான்கு வரி: ஒன்பது. எழுந்து நின்று வாசிப்பதற்குப் பத்து போட்டு, அதன் பக்கத்தில் இன்னொரு பத்தும் போட்டாள்.

ஒரு படியில் பதற்றம் தானாக அடங்கும்வரை நிற்பது, அதையே பலமுறை செய்து சலிப்புத் தட்டிய பிறகே அடுத்ததற்குப் போவது என்பதுதான் விதி. சொல்வதற்கு இவ்வளவுதான், செய்வதற்கு மாதங்கள் ஆயின. விடுமுறை முடிந்து வந்தபோது இரண்டு படி இறங்கியிருந்தாள். ஒரு நாள் காலி வகுப்பறையில் அவள் மூன்று வரி வாசித்துவிட்ட மகிழ்ச்சியில், "அப்படியே இந்தப் பத்தியையும் முடிச்சிடேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் புத்தகத்தை மூடினாள். ஒப்புக்கொண்டதற்கு மேல் ஒரு சொல்கூடக் கேட்கக் கூடாது என்பதை அன்று கற்றேன். அடுத்த படி எப்போது என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதும், பெரியவர் அந்த வாக்கை மீற மாட்டார் என்பதும்தான் அவளை ஏற வைத்த கைப்பிடிகள். பாராட்டையும் அடக்கி வைக்க வேண்டியிருந்தது; எல்லார் முன்னிலும் கைதட்டினால், கூச்சப்படும் பிள்ளைக்கு அதுவும் ஒரு தண்டனை.

இவளுடையது பேச்சு முற்றிலும் நின்றுபோன நிலை அன்று. வீட்டில் கலகலவென்று பேசிவிட்டுப் பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு சொல்லும் பேசாத பிள்ளைகள் உண்டு. இந்த நிலைக்கு 1877இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் வைத்த பெயருக்கு, வேண்டுமென்றே பேசாதிருத்தல் என்று பொருள். பிடிவாதம் என்ற அந்தக் குற்றச்சாட்டு பெயரிலிருந்து நீங்க 1994 வரை ஆயிற்று. 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாடு இதைப் பதற்றக் குறைபாடுகளின் கீழ்க் கொண்டுவந்தது. வகுப்பறையில் இன்றும் பலர் அந்தப் பழைய பெயரிலேயே நிற்கிறோம். "பேச மாட்டேங்கிறா" என்பதற்குப் பதில் "பேச முடியலை" என்று ஆசிரியர் அறையில் சொல்லத் தொடங்கினாலே பாதி அணுகுமுறை மாறிவிடும்.

பள்ளிக்கே வர மறுக்கும் பிள்ளைகளிடமும் இதே தவிர்ப்புதான் வேலை செய்கிறது, ஆனால் காரணம் எல்லாருக்கும் ஒன்றல்ல. கிறிஸ்டோபர் கியர்னியும் வெண்டி சில்வர்மனும் 1990இல் தொகுத்துக் காட்டியபடி, பள்ளியில் ஏதோ ஒன்று தரும் வேதனையைத் தவிர்க்க ஒருவர் வீட்டில் இருக்கலாம். மற்றவர்கள் மதிப்பிடும் சூழலிலிருந்து தப்பிக்க ஒருவர் இருக்கலாம். பெற்றோரின் அருகாமைக்காக ஒருவர், வெளியே கிடைக்கும் வேறு இன்பத்துக்காக ஒருவர். துன்புறுத்தும் சக மாணவன் பள்ளியில் இருக்கிறானா என்பதை எல்லாவற்றுக்கும் முன் விசாரிக்க வேண்டும். உண்மையான அபாயத்துக்குப் பழகிக்கொள்ளச் சொல்வது கொடுமை. காரணம் எதுவானாலும், வீட்டில் கழியும் ஒவ்வொரு வாரமும் திரும்பி வருவதைக் கடினமாக்குகிறது. முழுநாள் முடியாவிட்டால் ஒரு பாடவேளை, அதுவும் முடியாவிட்டால் நூலகத்தில் அரை மணி நேரம் என்றாவது இழை அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாசலில் எதிர்கொள்ள ஒரே ஆள், தினமும் அதே ஆள், இருப்பது பெரிய உதவி. விட்டுப்போன பாடங்களின் மலையைக் காட்டுவதும், "ஏன் இத்தனை நாளா வரலை?" என்று வகுப்பின் முன் கேட்பதும் அந்தப் பிள்ளையை மறுநாளே திருப்பி அனுப்பிவிடும்.

வகுப்பு முழுவதற்குமாகச் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்து, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, தாமாக முன்வந்து விடை சொல்பவர்கள் கூடினார்கள், விடை சொல்லாமல் இருப்பவர்கள் குறைந்தார்கள். மூன்று நொடி என்பது கரும்பலகையின் முன் நிற்பவருக்கு மிக நீளமாகத் தோன்றும். மனத்துக்குள் எண்ணிப் பழக வேண்டியிருந்தது. கேள்வியைச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசவிட்டு, அதன்பின் பொதுவில் கேட்டால் இன்னும் நல்லது. தேர்வு நேரம், இருக்கை மாற்றம், புதிய ஆசிரியரின் வருகை ஆகியவற்றை முந்தைய நாளே சொல்லிவிடுவதும் அப்படியே. எதிர்பாராதது மற்ற பிள்ளைகளுக்கு ஒரு மாறுதல். கவலைப்படும் பிள்ளைக்கு அன்றைய நாள் முழுவதும் அதிலேயே போய்விடும்.

பதற்றம் மிஞ்சும்போது வெளியே போய்வர ஓர் அட்டை கொடுக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் திரும்பி வரும் நேரம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் மூச்சை நிதானித்துவிட்டு விட்ட இடத்துக்கே வருவது ஓய்வு. அறிவியல் பாடம் வரும்போதெல்லாம் வெளியே போவது, நான் கொடுத்த விலக்கின் இன்னொரு வடிவம்.

இந்தப் பிள்ளைகளைத் தற்செயலாகக் கண்டுபிடிக்கக் கூடாது, முறையாகத் தேட வேண்டும். ஹில் வாக்கரும் ஹெர்பர்ட் செவர்சனும் 1990இல் வெளியிட்ட ஒரு முறையில், ஆசிரியர் தம் வகுப்பில் வெளிமுகமாகக் கலவரப்படுபவர்களுக்கு ஒரு பட்டியலும், உள்ளொடுங்கிப் போகிறவர்களுக்குத் தனியே இன்னொரு பட்டியலும் எழுத வேண்டும். இரண்டிலும் முதல் மூன்று பேரைப் பற்றி மேலும் விரிவாகப் பார்ப்பார்கள். தனிப்பட்டியல் என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது. ஒரே பட்டியலாக இருந்தால் கலவரக்காரர்கள் மட்டுமே இடம் பிடிப்பார்கள். நான் பருவத்தின் மூன்றாவது வாரத்தில், பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, வகுப்பில் உள்ள எல்லாருடைய பெயரையும் நினைவிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். முதல் இருபது பெயர்கள் நொடியில் வந்துவிடும். கடைசி மூன்று நான்கு பெயர்களுக்கு யோசிக்க வேண்டியிருக்கும். ஓரிரு பெயர் வராமலேயே போகும். மறுநாள் காலை நான் முதலில் பேசுவது அந்தப் பெயர்களுக்கு உரியவர்களோடுதான்.

மனச்சோர்வைப் பதற்றத்தோடு சேர்த்தே பேசுகிறோம். இரண்டும் பல சமயம் ஒரே பிள்ளையிடம் இருக்கவும் செய்யும். ஆனால் வளரிளம் பருவத்தில் அது எப்போதும் அழுகையாக வருவதில்லை. எரிச்சல், எதற்கெடுத்தாலும் சினம், தூக்கம் கெடுவது, உயிராக நேசித்த விளையாட்டையோ வரைவதையோ ஒருநாள் பேசாமல் கைவிடுவது ஆகியவையும் அதன் முகங்களே. "வாழ்ந்து என்ன பயன்" என்பது போன்ற ஒரு வரியைக் கட்டுரையிலோ பேச்சிலோ கண்டால், கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று அஞ்சிப் பலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டுவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தனியிடத்தில், பதறாத குரலில், "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுச்சா?" என்று கேட்கலாம். ஆம் என்றால் அதிர்ச்சியைக் காட்டாமல் கேட்டுக்கொண்டு, அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், அன்றே பொறுப்பானவரிடமும் பெற்றோரிடமும் மனநல மருத்துவ உதவியிடமும் சேர்க்க வேண்டும். வீடே ஆபத்தின் இடம் என்று தெரிந்தால் மட்டும் யாரிடம் முதலில் சொல்வது என்பதைப் பொறுப்பானவரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கை மட்டும் எந்நிலையிலும் கொடுக்கக் கூடாது. "உன் உயிருக்கு ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும், யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்டயும் சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பதே காப்பாற்றக்கூடிய வாக்கு.

பெற்றோரோடு பேசுவது மென்மையாகச் செய்ய வேண்டிய வேலை. "கூச்ச சுபாவம்ங்க, போகப் போகச் சரியாயிடும்" என்பார்கள். பிள்ளையைக் காக்கும் அன்பில்தான் அதுவும் வருகிறது. அந்த அன்பிலேயே அவர்கள் பிள்ளைக்காகப் பதில் சொல்கிறார்கள், விருந்தினர் வந்தால் அறைக்குள் இருக்க விடுகிறார்கள், இரவில் இருபது முறை "நாளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸும் அவருடைய குழுவினரும், பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைக்காமல் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி தரும் முறை ஒன்றை வகுத்து, 2020இல் வெளியான ஆய்வில், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பிள்ளைக்கு நேரடியாகப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு அது பலனில் குறைந்ததன்று என்று காட்டினார்கள். அதன் மையம் இரண்டு பகுதிகள் உள்ள ஒரு பேச்சு: "உனக்கு இது கஷ்டமா இருக்குன்னு தெரியுது, ஆனாலும் உன்னால தாங்க முடியும்னு எனக்குத் தெரியும்." முதல் பகுதியை மட்டும் சொன்னால் விலக்காகிவிடும், இரண்டாவதை மட்டும் சொன்னால் தள்ளுவதாகிவிடும். நான் இதைப் பெற்றோரிடம் சொல்வதற்கு முன் எனக்கே பலமுறை சொல்லிப் பழகினேன்.

ஆசிரியர் சிகிச்சையாளர் அல்லர். ஒரு நிலைக்குப் பெயர் சூட்டுவதும் எங்கள் வேலை அன்று. வகுப்பறையில் படி அமைத்தும் பல வாரங்களாக மாற்றமில்லை என்றால் வல்லுநரிடம் அனுப்புவதில் தயங்கக் கூடாது, ஏனென்றால் சிகிச்சைக்குப் பலன் உண்டு. 2008இல் வெளியான, 7 முதல் 17 வயது வரையிலான 488 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் நன்கு முன்னேறினார்கள். அதோடு மருந்தும் சேர்ந்தபோது அது சுமார் 81 விழுக்காடாயிற்று. வெற்று மாத்திரை பெற்றவர்களில் சுமார் 24 விழுக்காடே. மருந்து என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. இதற்கு மாறாக, எல்லா மாணவர்களுக்கும் பொதுவாக ஏதேனும் ஒரு மனப்பயிற்சியைப் பாடமாக நடத்திவிட்டால் போதும் என்ற எண்ணத்தை நான் நம்புவதில்லை. பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம், நிகழும் கணத்தில் கவனத்தை நிறுத்தப் பழக்கும் மனமுழுமைப் பயிற்சியைச் சோதித்து 2022இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் சமூக, உணர்வுக் கல்வியைவிட அது மேலான பலன் தரவில்லை. ஒரு பாடவேளையை எல்லாருக்கும் ஒதுக்குவது எளிது. ஒரு பிள்ளைக்கு ஒரு படிக்கட்டை அமைத்து, அதன் பக்கத்தில் மாதக்கணக்கில் நிற்பதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். பள்ளி நிர்வாகங்கள் கொடுக்கத் தயங்குவதும் அவற்றைத்தான்.

அந்த ஆண்டின் கடைசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசை அவளிடம் வந்தது. அன்று உட்கார்ந்தபடி நான்கு வரி வாசிப்பதாக முந்தைய நாளே பேசியிருந்தோம். நான் அவளைப் பார்க்காமல் என் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கக் கூடாது என்பதும் எங்கள் ஒப்பந்தம். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஏழு வரை போனேன். பிறகு குரல் வந்தது. மெல்லியதாக, சற்று வேகமாக, இரண்டாவது வரியில் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்து, அதைத் திருத்தாமலேயே மேலே போனாள். நான்காவது வரியின் முற்றுப்புள்ளியில் நிறுத்தினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவன், ஒன்றும் நடக்காதது போல ஐந்தாவது வரியிலிருந்து தொடர்ந்து வாசித்தான்.